தாளை எடுத்தது நான்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சிறார் பிரிவு அதிகாரி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இதில் குழந்தைகள் சம்பந்தப்பட்டிருப்பதால் பெயர்கள் இந்தத் தாளில் வரக்கூடாது என்று அவர் சொன்னார். வயது அறுபத்தெட்டு. தொழில் குழாய் வேலை. நாற்பத்தொரு வருடமாகச் செய்கிறேன், இப்போதும் செய்கிறேன். காவல் நிலையத்தில் இருந்த எழுத்தர், நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். நானே எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். எத்தனை நாள் ஆகும் என்றார். நான்கு நாள் என்றேன். அவர் அதிகாரி அம்மாவைப் பார்த்தார், அந்த அம்மா தலையசைத்தார். கோடு போட்ட தாள் பத்து எண்ணி, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். எட்டு மாதங்களுக்கு முன்பாக இருந்தால் கட்டைவிரலை நீட்டியிருப்பேன். என் கையால் எழுதும் முதல் நீளமான எழுத்து இதுதான். விஷயம் கொஞ்சம் நல்ல விஷயமாக இருந்திருக்கலாம்.

என் வீட்டில் நானும் என் மகளுடைய மகளும் இருக்கிறோம். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது என் மகள் இறந்துபோனாள். மருமகன் அதற்கு முந்தின வருடமே போய்விட்டார். இருவருக்கும் ஒரே நோய். பேத்திக்கும் அது பிறப்பிலிருந்தே இருக்கிறது. நோயின் பெயரை இந்த வாக்குமூலத்தில் எங்கும் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை, பேத்தி எழுத வேண்டாம் என்றாள். மகள் இறந்து ஒரு வாரத்தில், அப்போது குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், நான் போட்டுக்கொடுத்திருந்த மூன்று குழாய்களையும் கழற்றிவிட்டு வேறு ஆளை வைத்துப் புதிதாகப் போட்டார். பழைய குழாய்களில் ஒழுக்கு எதுவும் இல்லை. அதன் பிறகு நாங்கள் வீடு மாறினோம். புது இடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பேத்தியிடமும் சொல்லவில்லை. தினமும் காலை சாப்பிட்டதும் போடுகிற மாத்திரை எதற்கு என்று அவள் கேட்டபோதெல்லாம், இரத்தத்தில் வலு குறைவு, அதற்காக என்று சொல்லிவந்தேன்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போவோம். குழந்தைகளுக்கான பிரிவு மாடியில், நடைவழியின் கடைசியில் இருக்கிறது. எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள், ஒரு தண்ணீர்க் குழாய், ஆலோசகர் அம்மாவின் அறை, மருந்து கொடுக்கிற சன்னல், அவ்வளவுதான். அந்தக் குழாயின் வாஷர் தேய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் வருடம் நானே ரெஞ்சு கொண்டுபோய் மாற்றினேன். அன்று முதல் அங்கே எல்லோரும் என்னைக் குழாய்த் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள். வருகிற பெரியவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. நோயின் பெயரை யாரும் வாயால் சொல்ல மாட்டோம். "இது" என்போம். "உங்க பிள்ளைக்கு இது தெரியுமா" என்று கேட்டுக்கொள்வோம். பெரும்பாலும் தெரியாது என்பதுதான் பதிலாக இருக்கும்.

எட்டு மாதங்களுக்கு முன்பு எங்கள் பகுதி நூலகத்தில் முதியோருக்கு மாலை வகுப்பு தொடங்கினார்கள். நான் சேர்ந்தேன். அதுவரை எனக்கு எண் மட்டும் தெரியும். அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று குழாயின் அளவைப் படித்துவிடுவேன், அதற்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்து வெறும் கோடுதான். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் கடைப் பலகையில் இருந்ததைப் படித்துவிட்டேன். "செருப்பு தைக்கப்படும்" என்று இருந்தது. அந்தப் பலகையின் கீழேதான் இருபது வருடமாக என் செருப்பைத் தைக்கக் கொடுத்துவருகிறேன். அன்றிலிருந்து கண்ணில் பட்ட எதையும் விடுவதில்லை. ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும், வழக்குக்கு அது தேவை. எனக்கு மனதுக்குள் படிக்க இன்னும் வரவில்லை. வகுப்பில் இருபது பேரும் சேர்ந்து வாய்விட்டுத்தான் படிப்போம். எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்ததும், சொல்லை முழுதாக ஒரு முறை உரக்கச் சொல்ல வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் என்ன சொல் என்று எனக்கே தெரியும்.

அதன் பிறகு, ஐந்து மாதங்களுக்கு முன்பு, கல்லூரியிலிருந்து ஒரு பெண் அந்தப் பிரிவுக்கு வந்தார். அவரை ஆராய்ச்சிப் பெண் என்றே இதில் எழுதுகிறேன். வயது இருபத்தாறு இருக்கும். இந்த நோயோடு வளர்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எதை மறைக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், மாத்திரையை எங்கே ஒளித்துவைக்கிறார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டு எழுதப்போவதாகச் சொன்னார். அவரிடம் இரண்டு வகைத் தாள் இருந்தது. ஒன்று பெரியவர்களுக்கு, அதில் நோயின் பெயர் இருந்தது. இன்னொன்று பிள்ளைகளுக்கு, அதில் பெயர் இல்லை. தெரியாத பிள்ளையிடம் பெயரைச் சொல்ல ஆராய்ச்சிக்கு உரிமை இல்லை, அது வீட்டாரும் ஆலோசகரும் சேர்ந்து, நேரம் பார்த்துச் செய்ய வேண்டியது என்று அவர் எங்களிடம் சொன்னார். பெரியவர்களுக்கான தாளை ஆலோசகர் அம்மா தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படித்துக்காட்டுவார். முதல் மாதம் அப்படித்தான் நடந்தது. நான் பார்த்தேன்.

அந்த மாதம் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஆலோசகர் அம்மா பத்து நிமிடம் படித்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், நான் கவனிக்கவில்லை. கடைசியில் கையெழுத்துக்கு விட்டிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நோட்டில்தான் போட்டிருக்கிறேன், ஓர் உண்மையான தாளில் போட்டதில்லை. அவர் படித்து முடித்ததும் போட்டேன். கோட்டை விட்டு ஓர் எழுத்துகூடக் கீழே இறங்கவில்லை. அதன் பிறகு ஆராய்ச்சிப் பெண் என்னை வெளியே அனுப்பிவிட்டு, பேத்தியைத் தனியாகக் கேட்டார். பேத்தி முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் உள்ளே போய், நல்ல விஷயம்தானே, சும்மா பேசு, தாத்தாதான் கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று அவளை வற்புறுத்தினேன். ஆராய்ச்சிப் பெண் என்னை நிறுத்தினார்.

"ஐயா, நீங்க போட்டது, நான் அவகிட்ட கேக்கலாம்ங்கறதுக்கு. அவ பதில் சொல்லணும்ங்கறதுக்கு இல்ல."

பேத்தியிடம் ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. சரிம்மா என்று சொல்லி, அவள் தாளில் ஒரு கோடு போட்டு மூடிவைத்தார். என் முதல் கையெழுத்து வீணாகப் போனதே என்று வீட்டுக்கு வருகிற வரைக்கும் முனகிக்கொண்டு வந்தேன்.

சம்பவம் நடந்தது போன மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. புதிதாகச் சேரப்போகிற குடும்பங்களுக்கு அன்று தாள் படிப்பதாக இருந்தது. நானும் பேத்தியும் மாத்திரைக்காகத்தான் போயிருந்தோம். நடைவழியில் பெரியவர்கள் பதினொரு பேரும் பிள்ளைகள் ஒன்பது பேரும் இருந்தோம். பிள்ளைகளில் மூத்தவளுக்குப் பதினான்கு வயது, கடைக்குட்டிக்கு ஆறு. ஆலோசகர் அம்மாவைத் திடீரென்று கீழே கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அறைச் சாவி அவரிடம் இருந்தது. ஆராய்ச்சிப் பெண் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, சாவி வாங்கிவருகிறேன், யாரும் போய்விடாதீர்கள் என்று சொல்லிப் படியிறங்கினார். போகும்போது தன் ஃபைலைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். ஃபைல் மூடியிருந்தது, மேலே ரப்பர் பட்டை போட்டிருந்தது. அதை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. படிக்கச் சொல்லவும் இல்லை.

என் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கும் அம்மா இருந்தார். அவரை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். மூத்த பிள்ளை என்று மேலே சொன்னேனே, அது அவருடைய அக்காவின் மகள். அக்கா இறந்த பிறகு இவர்தான் வளர்க்கிறார். எங்கே கையெழுத்து வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா என்று அவர் பொதுவாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, உங்களுக்குத்தான் இப்ப படிக்கத் தெரியுமே. பஸ்ஸு போர்டக்கூட விடறதில்லையாம்."

"அவரு படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு போய்டும்" என்று எதிர் பெஞ்சில் இருந்த லாரி ஓட்டுநர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ரப்பர் பட்டையைக் கழற்றி, மேலாக இருந்த தாளை எடுத்தேன்.

முதல் வரி பெரிய எழுத்தில் இருந்தது. சிறார் பங்கேற்கும் ஆய்வுக்குப் பாதுகாவலரின் ஒப்புதல் என்று இருந்தது. தடங்கல் இல்லாமல் படித்தேன். ஓட்டுநர், பரவாயில்லையே என்றார். இரண்டாவது வரியின் தொடக்கத்தில் நோயின் பெயர் இருந்தது. நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பிறகு வகுப்பில் செய்கிறபடி முழுச் சொல்லையும் உரக்கச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அங்கே நின்றிருக்கலாம். கண் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது, வாயும் கூடவே போய்விட்டது. அந்த அடுத்த இரண்டு சொற்கள், "உள்ள குழந்தைகள்."

தையல்கார அம்மா தாளின் மேல் கையை வைத்து மூடினார். ஆறு வயதுப் பிள்ளை செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு தரையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. தையல்கார அம்மாவின் அக்கா மகள் எழுந்து நின்று, அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். என்ன கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதை எழுத அவளிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்கிற முகமும் எனக்கு இல்லை. ஆகவே எழுதவில்லை.

அதன் பிறகு ஆராய்ச்சிப் பெண் சாவியோடு வந்தார். என் கையில் தாளைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. தாள் என் கையில்தான் இருந்தது, என்றாலும் வாய் திறந்து சொல்லவில்லை. மற்றவர்களும் சொல்லவில்லை. அவர் யாரையும் திட்டவில்லை. இன்று யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி கீழே ஓடி ஆலோசகர் அம்மாவைக் கூட்டத்திலிருந்தே அழைத்துவந்தார். இரண்டு மணி நேரம் ஆலோசகர் அம்மா பிள்ளைகளைத் தனித்தனியாக உள்ளே வைத்துப் பேசினார். ஆராய்ச்சிப் பெண் வெளியே தரையில் உட்கார்ந்து தன் நோட்டில் எழுதினார். எழுதியதை எங்களுக்குப் படித்தும் காட்டினார். ஃபைலைப் பூட்டாமல் வைத்துவிட்டுப் போனது என் தவறு என்று அதில் இருந்தது. வேறு யாருடைய தவறும் அதில் இல்லை. நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் அன்று பஸ் ஏறவில்லை, நடந்தோம். பாலத்தில் நடந்த பேச்சை, அவள் சம்மதத்தோடு, அவள் சொன்ன அளவுக்கு எழுதுகிறேன்.

"தாத்தா, அது என்னன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன். நீ பிறந்ததிலிருந்து தெரியும் என்றேன்.

"எனக்கு நாலாவது படிக்கும்போதே தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னுதான் டப்பாவுல இருந்த தாளையெல்லாம் கிழிச்சேன்."

இதை விளக்க வேண்டும். நான் வகுப்பில் சேர்ந்த மாதத்திலிருந்து வீட்டில் மாத்திரை டப்பாக்களில் ஒட்டியிருக்கும் தாள் இருக்காது. மருத்துவமனையில் அப்படித்தான் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது, படித்துப் பழகலாம் என்றால் அதற்கும் வழியில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டது உண்டு. ஆராய்ச்சிப் பெண்ணிடம் முடியாது என்று சொன்னதற்கும் இதுதான் காரணம் என்றாள். கேட்டால் பொய் சொல்ல வேண்டும், இல்லை உண்மையைச் சொல்ல வேண்டும், எதைச் சொன்னாலும் கடைசியில் என் காதுக்கு வந்துவிடும் என்று பயந்திருக்கிறாள். அதன் பிறகு அவள் சொன்னதை நான்கு வரியில் எழுதியிருந்தேன். அது வீட்டுப் பேச்சு என்று சொல்லிப் பேத்தி அடித்துவிட்டாள். நான்காம் தாளில் அடித்திருப்பது அதுதான். பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

எட்டு நாள் கழித்துத் தையல்கார அம்மா இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். ஆராய்ச்சிப் பெண் நடைவழியிலேயே தாளைக் கொடுத்து வாசிக்க வைத்து, பிள்ளைகளுக்கு நோயைச் சொல்லிவிட்டார் என்பது புகார். மருத்துவமனை அவரை உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டது. கல்லூரியிலும் விசாரணை நடக்கிறதாம். அவர் நோட்டில் எழுதியது அவருக்கே எதிராக நிற்கிறது. என்னைச் சாட்சியாக வரச்சொல்லி ஆள் வந்தது.

நான் முதலில் தையல்கடைக்குப் போனேன். அந்த அம்மா தையல் மெஷினை மிதிக்கிறதை நிறுத்தாமலே பேசினார். தைத்துக்கொண்டிருந்தது பள்ளிச் சீருடை. வாசித்தது நான்தானே, என் பேரை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"யோசிச்சுதாண்ணே எழுதல. உங்ககிட்ட காகிதம் ஏதாவது இருக்கா, பிள்ளைய நீங்க வச்சுக்கலாம்னு? உள்ளதச் சொன்னா, பிள்ளையோட நோயப் பத்துப் பேருக்கு நடுவுல சொன்னவருன்னு எழுதி, அவள எங்கயாவது இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. அந்தப் பொண்ணு படிச்சவ. அவ எப்படியும் பொழச்சுக்குவா."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை. மகள் இறந்த அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன், அவ்வளவுதான், அதற்கு எங்கேயும் பதிவு கிடையாது. உங்கள் வீட்டுப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நான்கு நாளாகச் சித்தியிடம் பேச்சில்லை என்றார். நூலை வெட்டினார், மறுபடி கோக்க அவருக்கு மூன்று தடவை ஆயிற்று. என்ன இருந்தாலும் நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து பேத்தியிடம் முழுவதையும் சொன்னேன். உண்மையை எழுதினால் நம் இருவரையும் பிரிக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். இதற்கு முன்னால் அவளிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. இரண்டு நாள் யோசித்தாள். அதன் பிறகு எழுதச் சொன்னாள். ஒவ்வொரு தாளையும் தான் பார்க்க வேண்டும், தன்னைப் பற்றி வேண்டாத இடத்தை அடிப்பேன் என்றாள். சரி என்றேன். அவள் அடித்தது மேலே சொன்ன நான்கு வரி மட்டும். எழுத்துப் பிழையையும் திருத்தினாள், அது நிறைய.

ஆகவே நான் சொல்வது இது. ஃபைலை அப்படியே வைத்துவிட்டுப் போனது ஆராய்ச்சிப் பெண் செய்தது, அதை அவரே எழுதிவிட்டார். பட்டையைக் கழற்றித் தாளை எடுத்தது நான். பிள்ளைகள் நடுவில் வாய்விட்டுப் படித்ததும் நான். அவர் கேட்டபோது சொல்லாமல் இருந்ததும் நான். என் பேத்தி ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னதும் தாளை மூடிவைத்தவர் அவர். ஒன்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒருவரையும் கேட்காமல் தாளைத் திறந்தவன் நான். படிக்கத் தெரிந்ததற்காக நான் வருத்தப்படவில்லை. அங்கே படித்ததற்காக வருத்தப்படுகிறேன்.

இந்த வாக்குமூலத்துக்குப் பிறகு குழந்தைகள் நலக் குழு எங்கள் வீட்டுக்கு வரலாம் என்று அதிகாரி அம்மா சொன்னார். பேத்தி என்னிடம் இருக்கலாமா என்று அவர்கள் பார்ப்பார்களாம். வரட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்னைக் கேட்பதற்கு முன்னால் அவளைக் கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள், நான் தெருமுனையில் போய் நிற்கிறேன். அவள் சொல்கிறபடி நடக்கட்டும்.

அவர்கள் கேட்டால் என்ன சொல்வாய் என்று இன்று காலை அவளிடம் கேட்டேன். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அத உங்ககிட்ட சொன்னா, நீங்க சொல்லிக்குடுத்ததுன்னு சொல்லுவாங்க தாத்தா. கேக்கறவங்ககிட்டயே சொல்லிக்கறேன்."

ஆகவே அவள் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியாது.

இந்த ஏழு தாள்களில் இருப்பது என் கையால் நான் எழுதியது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ எழுதவில்லை. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், நடந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். மீதி மூன்று தாள்களை முத்திரையோடு திருப்பிக் கொடுக்கிறேன்.

(கையொப்பம்)
குழாய் வேலை செய்பவர், சிறுமியின் தாய்வழித் தாத்தா